சமயம் படித்துவிட்டுச் சட்டக் கல்லூரியில் சேர்வது எப்படி? கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு கையேடு

முதலில் வாழ்த்துகள். சைவ சித்தாந்தமோ, மெய்யியலோ, அரபியோ, கிறித்தவ இறையியலோ படித்து ஒரு பட்டம் வாங்கிவிட்டீர்கள். இப்போது கறுப்புக் கோட்டின் மேல் ஆசை வந்திருக்கிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும், "சாமி படிப்பு படிச்சவனுக்கு லா காலேஜுல எப்படிப்பா சீட்டு குடுப்பான்?" என்பார்கள்.

கொடுப்பான். அதுதான் சங்கடம். மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள் கேட்பது முறையாகப் படித்த ஏதாவது ஒரு பட்டம். பொதுவாக 45 விழுக்காடு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. என்ன பாடம் என்று கேட்பதில்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வும் வைப்பதில்லை, நேர்காணலும் வைப்பதில்லை. பட்டப் படிப்பின் மதிப்பெண்ணைப் பார்க்கும், இடஒதுக்கீட்டைப் பார்க்கும், வரிசைப்படுத்தும், கவுன்சலிங்குக்குக் கூப்பிடும்.

இவ்வளவு சுலபமான காரியத்தைக் கெடுக்கத் தனித் திறமை வேண்டும். உங்களிடம் அது தாராளமாக இருக்கிறது. முறைப்படுத்திக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

1. பட்டத்தை ஒளித்து வையுங்கள்

கல்யாண வீட்டில் மாமா, "என்ன மாப்ளே படிச்ச?" என்று கேட்டால் "ஆர்ட்ஸ்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நழுவுங்கள். விடாமல் "ஆர்ட்ஸுன்னா?" என்றால் "ஹிஸ்டரி மாதிரி" என்று சொல்லுங்கள். "சைவ சித்தாந்தம்" என்று மட்டும் வாயில் வரக் கூடாது. வந்தால் உடனே ஜாதகத்தை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். அரபி படித்தவர் என்றால் "துபாய் எப்போ?" என்பார்கள். இறையியல் என்றால் ஜெபம் பண்ணச் சொல்வார்கள். மூன்று வருடம் இப்படி ஒளித்துப் பழகுங்கள். பிறகு உங்களுக்கே உங்கள் பட்டம் குற்றப்பத்திரிகை மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அடுத்த படிக்கு அந்த மனநிலை மிக அவசியம்.

2. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

"சமயம் படித்த நான் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன்" என்று நான்கு பக்கக் கட்டுரை எழுதுங்கள். அமெரிக்கச் சட்டப் பள்ளிகள் இப்படி ஒன்றைக் கேட்கும் என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அங்கே கேட்கிறார்கள் என்றால் விழுப்புரம் சட்டக் கல்லூரியிலும் கேட்காமலா இருப்பார்கள்? அறம், நீதி, தர்மம், மனுநீதிச் சோழன், கன்றுக்குட்டி எல்லாம் வரட்டும். தேர்க்காலில் மகனைக் கிடத்திய இடத்தில் நீங்களே கண் கலங்க வேண்டும். ஒரு மாதம் இதற்கே ஒதுக்குங்கள். ஆங்கில வாத்தியாரிடம் திருத்தக் கொடுங்கள், அவர் ஊருக்குப் போயிருந்தால் திரும்பி வரும்வரை காத்திருங்கள்.

பிறகு அதை மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கடைசி நாளுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போங்கள்.

"அண்ணே, இதை எங்க அப்லோட் பண்றது?"

கடைக்காரர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பார். "இதுக்கு இடமே இல்லியேப்பா. கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் கேக்குது. அத எடு."

"அது வீட்ல இருக்குண்ணே."

"டி.சி.?"

"காலேஜுல வாங்கணும்."

"புரொவிஷனலு?"

நீங்கள் சிரித்து மழுப்புங்கள். பின்னால் நிற்கிற பி.காம். பையன் ஒரே ஃபைலில் அத்தனையும் வைத்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு மனுநீதிச் சோழனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

3. தேவையில்லாத தேர்வுக்கு உயிரைக் கொடுங்கள்

பட்டதாரியான நீங்கள் கிளாட் எழுதப் போங்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டுப் படிப்புக்கு எழுதுகிற தேர்வு அது. திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் மூன்றாண்டுப் படிப்புக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை. இருந்தாலும் ஒரு கோச்சிங் சென்டரில் பணம் கட்டி, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருங்கள். மீசையை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

மூன்றாண்டுப் படிப்புக்கே தேர்வு எழுத ஆசைப்பட்டால் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி 2022 முதல் தனித் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது. அதை மட்டும் விசாரிக்காதீர்கள்.

4. பட்டம் எந்த வரிசையில் வந்தது என்று பார்க்காதீர்கள்

பத்தாவது, பிளஸ் டூ, இளங்கலை என்ற வரிசையெல்லாம் சாமானியர்களுக்கு. நீங்கள் ஞான மார்க்கத்தில் வந்தவர். பிளஸ் டூ படியை மிதிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியிருந்தால் பெருமையாக அதையே கொடுங்கள். இப்படி அடிப்படைத் தகுதி இல்லாமல் நேராக வாங்கிய பட்டம் செல்லாது என்று மேற்சொன்ன பார் கவுன்சில் விதியின் 5-ஆம் பிரிவு விளக்கமாகச் சொல்கிறது. தொலைநிலையில் படித்ததே தப்பு என்று அதற்கு அர்த்தமில்லை, வரிசைதான் முக்கியம். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிப் பேருக்குப் பயமும் மீதிப் பேருக்குத் தைரியமும் போய்விடும். ஆகவே படிக்க வேண்டாம்.

திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர் என்றால் அதையே பட்டச் சான்று என்று இணைத்துவிடுங்கள். நல்ல பயிற்சி அது, எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதுதான் சின்னக் குறை. மதரஸா சனது, செமினரி டிப்ளமா எல்லாவற்றுக்கும் இதே வழிமுறைதான். உங்கள் பட்டம் பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த இடத்திலிருந்து வந்ததா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போன் போடுகிற பழக்கம் நமக்கு எதற்கு?

முதுகலையில் சித்தாந்தத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் இளங்கலை மதிப்பெண்ணை மறந்தே போங்கள். வரிசைப்படுத்துவது அதை வைத்துத்தான்.

5. மலைக்காரராக இருந்தால் சான்றிதழைக் கடைசிக்கு வையுங்கள்

கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டுப் பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்தப் படி. பட்டியல் பழங்குடியினருக்கு இந்த மாநிலத்தில் இடஒதுக்கீடு 1 விழுக்காடு. நூற்றில் ஒன்று. அந்த ஒன்றையும் கோட்டை விடுவதற்குத் தாள் விஷயத்தில் ஒரு சின்ன அசட்டை போதும்.

சாதிச் சான்று யார் கொடுப்பார் என்று தெரிந்துகொள்ளாதீர்கள். எஸ்.சி.க்குத் தாசில்தார் கொடுப்பதைப் பார்த்து நீங்களும் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நில்லுங்கள். எஸ்.டி. சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. அவர் விசாரிக்காமல் போட மாட்டார், விசாரிக்க நாள் ஆகும். விண்ணப்பம் முடியும் வாரத்தில் மனு கொடுத்தால் அந்த நாள்கள் சரியாக உங்கள் கழுத்தில் வந்து விழும்.

முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கி, திங்கட்கிழமையாகப் பார்த்துப் போங்கள். அன்றைக்கு அதிகாரிகள் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டத்தில் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை மறுபடி இறங்கினால், ஆதாரில் அப்பா பெயர் "சின்னப்பையன்", பத்தாவது மார்க் ஷீட்டில் "சின்னபையன்" என்று ஒற்று இல்லாமல் இருப்பதை யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். அதை எட்டு வருடமாகத் திருத்தாமல் வைத்திருந்த உங்கள் பொறுமைக்குப் பலன் இப்போதுதான் கிடைக்கிறது.

 

6. சென்னைதான், இல்லாவிட்டால் சன்னியாசம்தான்

கல்லூரி விருப்பத்தில் சென்னையை மட்டும் குறியுங்கள். விழுப்புரத்தில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, சேலத்தில் 2019 முதல் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் நின்று கிழக்கே பஸ் ஏறினால் ஒன்று, மேற்கே ஏறினால் ஒன்று. இவ்வளவு வசதி ஆன்மிக வளர்ச்சிக்கு நல்லதல்ல. மெட்ராஸ் லா காலேஜ் என்றால் ஐகோர்ட் வளாகம், பாரிமுனை, செங்கல் சிவப்புக் கட்டடம் என்று சினிமாவில் பார்த்த கனவோடு போங்கள். அந்தக் கல்லூரி 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம் மாறிவிட்டதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டால் போதும்.

7. முன்னால் போனவர்களைத் தெரிந்துகொள்ளாதீர்கள்

சமயமும் சட்டமும் ஒரே தலையில் தங்காது என்று நம்புங்கள். ஆதாரம் கேட்கப் போனால் காரியம் கெடும். சிவஞான போதத்தை 1895-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை வக்கீலாக இருந்து மாவட்ட முன்சீப் ஆனவர் என்று தெரிந்துவிடும். எம்.எல். பட்டத்தைப் பெயரோடு ஒட்டவைத்து ஊரே "எம்.எல். பிள்ளை" என்று கூப்பிட்ட கா. சுப்பிரமணிய பிள்ளை, சட்டக் கல்லூரிப் பேராசிரியராகவும் சைவ அறிஞராகவும் ஒரே உடம்பில் இருந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையோ முன்சீப். சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் கொடுத்துவிட்டு, கிறித்தவராக இருந்துகொண்டு சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடினார். நடுவில் நாவல் வேறு.

இவர்கள் பெயர் தெரிந்தால் கல்யாண வீட்டு மாமாவுக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிடும். அப்புறம் பந்திக்கு நழுவ என்ன காரணம் சொல்வீர்கள்?

8. சட்டப் புத்தகத்தைத் தவறியும் திறக்காதீர்கள்

இந்தப் படிதான் ஆபத்தானது, நிதானமாகக் கேளுங்கள். திறந்தால் நீங்கள் படித்த பாடமெல்லாம் அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருப்பது கண்ணில் படும்.

1954-இல் சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சமயத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டே பார்க்க வேண்டும் என்றது. வழக்கு கிளம்பியது சென்னை மாகாணத்தின் அறநிலையச் சட்டத்திலிருந்து. அன்றிலிருந்து நீதிபதிகள் இன்றியமையாதது எது, வெறும் பழக்கம் எது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் மூன்று வருடம் அதைத்தான் பரீட்சையில் எழுதினீர்கள். ஐந்து மதிப்பெண் வினாவாக.

வாரிசு அர்ச்சகர் முறையை ஒழித்து 1970-இல் தமிழக அரசு சட்டம் திருத்தியது. 1972-இல் சேஷம்மாள் வழக்கு. 2015-இல் ஆதிசைவ சிவாச்சாரியார்கள் வழக்கு. இரண்டிலும் ஆகமம் என்ன சொல்கிறது என்பதுதான் பேச்சு. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம், எந்தெந்தக் கோயில் ஆகமக் கோயில் என்று கண்டறிய ஒரு குழுவையே அமைக்கச் சொன்னது. காமிக ஆகமத்துக்கும் காரண ஆகமத்துக்கும் வித்தியாசம் தெரிந்த நீங்கள் அந்த நேரத்தில் கோச்சிங் சென்டரில் பழமொழிக்கு ஆங்கில அர்த்தம் உருப்போட்டுக்கொண்டிருங்கள்.

இறையியல்காரரே, நீங்களும் தப்பிக்க முடியாது. அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை பார்க்கும் கன்னியாஸ்திரீக்கும் குருவானவருக்கும் வரும் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா? ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் திருச்சபைச் சட்டப்படி உலக வாழ்வுக்கு இறந்தவர், பணம் சபைக்குத்தான் போகிறது என்று வாதாடினார்கள். பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அந்த வார்த்தைப்பாட்டின் வரலாறு உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். எதிரே நின்ற வருமான வரி வக்கீல் அதை முந்தின ராத்திரி படித்திருப்பார்.

சாமியே கோர்ட் படியேறிய கதையும் உண்டு. பத்தூர் நடராஜரை மீட்கும் வழக்கு லண்டன் வரை போயிற்று. வழக்காட அந்தக் கோயிலுக்கு உரிமை உண்டு என்று 1991-இல் அங்கத்திய மேல்முறையீட்டு நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. நடராஜர் ஊர் திரும்பினார்.

உள்ளூர்ப் பக்கம் திரும்பவே திரும்பாதீர்கள். வள்ளலார் பாடியது அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை 1869-இல் ஏறியது மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியில். கள்ளக்குறிச்சியும் அன்றைக்கு அதே தென்னாற்காடு மாவட்டம்தான். அது பழங்கதை என்பீர்கள். சரி, 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கலெக்டர் ஆபீஸ் கட்ட இடம் பார்த்தார்கள். பார்த்த இடம் வீரசோழபுரம் அர்த்தநாரீஸ்வரர் கோயில் நிலம். விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. கோயில் நிலத்தை விற்பதானாலும் நீண்ட குத்தகைக்கு விடுவதானாலும் அது அந்தக் கோயிலுக்குத் தேவையா, நன்மையா என்று பார்க்கச் சொல்கிறது 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. மாவட்டம் பிறந்த கையோடு வந்த வழக்கே உங்கள் பாடத்தில் வருகிறது. "பஸ் அந்தப் பக்கமா போகும்போது பாத்திருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலைக்காரருக்கு இன்னும் மோசம். இந்து திருமணச் சட்டத்திலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் 2-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவைப் பாருங்கள். மத்திய அரசு தனியே அறிவிக்காதவரை பட்டியல் பழங்குடியினருக்கு அவை பொருந்தாது. அப்படியானால் மலையில் மகளுக்குப் பங்கு உண்டா, எந்த வழக்கப்படி, அந்த வழக்கத்தை யார் வந்து சாட்சி சொல்வது? காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பிகள் மலையேறிய கதையும் கரிராமன் வழிபாடும் பாட்டி சொல்லிக் கேட்ட உங்களைவிட அதை எடுத்துச் சொல்ல வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். ஒடிசாவில் சுரங்கம் வெட்டப் பார்த்த நியம்கிரி மலை தங்கள் சாமி என்று டோங்ரியா கோந்த் மக்கள் சொன்னபோது, வழிபாட்டு உரிமையைக் கிராம சபையே தீர்மானிக்கட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்ட கிராம சபைகள் எல்லாம் சுரங்கம் வேண்டாம் என்றுவிட்டன. 2024-இல் கள்ளச் சாராயச் சாவுகளுக்குப் பின் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மலையிலிருந்து ஒரு வக்கீல் போதாத நேரத்தில் நீங்கள் எங்கே இருக்க வேண்டும்? தாலுகா ஆபீஸ் வாசலில். அங்கேயே இருங்கள்.

9. டீக்கடை சொல்வதை வேதமாகக் கொள்ளுங்கள்

"பாஸ் பண்ணாலும் என்ரோல் பண்ண லட்சக்கணக்குல ஆகும்பா" என்று ஒருவர் சொல்வார். நம்புங்கள். வழக்கறிஞர் சட்டம் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது, பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய் என்று 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டீக்கடைக்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை.

இன்னொருவர், "வெளி ஸ்டேட்ல ஒரு காலேஜ் இருக்கு, பணம் கட்டினா போதும், கிளாஸுக்கே போக வேணாம்" என்பார். தர்மத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய கையோடு அவருக்கு முன்பணம் கொடுங்கள். பாடத்துக்கு 70 விழுக்காடு வருகை கட்டாயம் என்ற விதியை அவரும் படித்ததில்லை, நீங்களும் படிக்க வேண்டாம். ரசீது கேட்டு அவர் மனதைப் புண்படுத்தாதீர்கள்.

10. இத்தனைக்கும் மீறிச் சீட் கிடைத்துவிட்டால்

சில சமயம் கிடைத்துவிடுகிறது. வீட்டில் யாராவது தங்கச்சி உங்களுக்குத் தெரியாமல் சான்றிதழ் எல்லாம் எடுத்து ஃபைல் போட்டு, ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அப்ளை பண்ணியிருப்பாள். மனம் தளராதீர்கள், இன்னும் வழி இருக்கிறது. குடும்பச் சட்டம் என்று ஒரு தாள் வரும். மிதாக்ஷரம், தாயபாகம், மஹர், தலாக், ஸ்த்ரீதனம் எல்லாம் அதில்தான். பி.காம்., பி.எஸ்சி. படித்தவர்கள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் மட்டும் தூங்கிக்கொண்டே முதல் வகுப்பு வாங்கிவிடக் கூடிய அபாயம் இருக்கிறது. அந்த வாரம் முழுக்க லீவு போடுங்கள். ஊரில் எப்படியும் யாருக்காவது கல்யாணம் இருக்கும்.

திரும்பி வந்ததும், அன்றைக்கு ஜெராக்ஸ் கடையில் பின்னால் நின்ற அதே பி.காம். பையன் நோட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவான். "அண்ணா, நீங்க சைவ சித்தாந்தம் எம்.ஏ.ன்னு சொன்னாங்க. இந்த மடம், அறக்கட்டளையெல்லாம் கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா? ஒண்ணுமே புரியல."

சுற்றுமுற்றும் பாருங்கள். கோட்டை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.

"யாருப்பா சொன்னது? நான் ஆர்ட்ஸ். ஹிஸ்டரி மாதிரி."